தூங்கி எழுந்தால்தான் பேசும் டாங்கிள்: லினக்ஸில் ஒரு போலி புளூடூத்தை ஓடவைத்த கதை

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விவசாயிகளுக்குச் சீட்டு அடிக்க ஒரு சின்ன தெர்மல் பிரிண்டர் வாங்கியிருந்தார். இரண்டு அங்குலப் பேப்பர் ரோல், உள்ளேயே பேட்டரி. அதில் இருக்கும் யூஎஸ்பி ஓட்டை சார்ஜ் ஏற்ற மட்டும்தான். அச்சடிக்க வேண்டுமென்றால் புளூடூத் ஒன்றே வழி. கூடவே வந்த மொபைல் ஆப் ஆங்கிலத்தில்தான் அடிக்கிறது, அதுவும் விளம்பரம் காட்டிவிட்டுத்தான். அண்ணனுக்குத் தேவை தமிழ்ச் சீட்டு. கணக்கெல்லாம் ஏற்கெனவே மண்டியின் மடிக்கணினியில் இருப்பதால் அங்கிருந்தே அடித்துவிட்டால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டார்.

அந்த மடிக்கணினி 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவர் மகள் பள்ளியில் வாங்கியது. விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த வகை. இப்போது அதில் அந்த இரண்டுமே இல்லை. 2 ஜிபி நினைவகத்தில் எது மூச்சுத் திணறாமல் ஓடுமோ அதைப் போடலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் டெபியன் 12 என்ற லினக்ஸை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகத்தோடு நிறுவிக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நன்றாகவே செய்திருக்கிறான். உள்ளே புளூடூத் மட்டும் கிடையாது. அதனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு யூஎஸ்பி ஓட்டையில் செருகும், விரல் நகம் அளவில் ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கி வைத்திருந்தார். அட்டையில் ‘5.0’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

“தம்பி, பிரிண்டர் பேரு வருது, ஜோடியும் சேருது. அடிக்கத்தான் மாட்டேங்குது. லினக்ஸ்ல இது ஓடாதுன்னு கடைக்காரர் அப்பவே சொன்னாரு” என்றார் அண்ணன்.

‘லினக்ஸில் ஓடாது’ என்பது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. சில சாதனங்களின் அடையாள எண் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பட்டியலில் ஏறியிருக்காது. அந்த எண்ணை, சாதனத்தை ஓட்டும் நிரலான டிரைவரின் ‘நியூ ஐடி’ கோப்பில் எழுதினால் பிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்குச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இருக்காது. ரியல்டெக் 8761 சில்லு உள்ள டாங்கிள்கள் இந்த ரகம், ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ பொதியைப் போட்டால் வேலை முடிந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இப்படிப்பட்ட ஃபர்ம்வேர்கள் நிறுவும் வட்டிலேயே வந்துவிடுவதால் அந்தத் தொல்லையும் குறைந்துவிட்டது. இந்த இரண்டும் அரை மணி நேரச் சமாச்சாரம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: சாதனம் தன்னைப் பற்றியே பொய் சொல்வது. பேர் வருகிறது, ஜோடி சேர்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்றதும் எனக்கு இந்த வகை மேல்தான் சந்தேகம்.

மண்டியில் விடியற்காலையில் போய்க் கணினியைத் தொட முடியாது. பெட்டி இறக்கும் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. பெங்களூரு லாரி கிளம்பிய பிறகு மத்தியானத்தில் போய் உட்கார்ந்தேன். இனி வரும் கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்-யூஎஸ்பி’. டாங்கிள் 0ஏ12:0001 என்று வந்தது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோ, சுருக்கமாக சிஎஸ்ஆர். இங்கிலாந்து நிறுவனம், 2015-இல் குவால்காம் வாங்கிவிட்டது. புளூடூத் டாங்கிள் உலகில் அதிகமாகத் திருடப்பட்ட எண் இதுவாகத்தான் இருக்கும். எல்லா இயங்குதளங்களுக்கும் இந்த எண்ணைப் பல வருடமாகத் தெரியும், தனி டிரைவர் வேண்டியதில்லை. அதனால் மலிவுச் சில்லு செய்கிறவர்கள் சொந்தமாக எண் வாங்காமல் இதையே ஒட்டிக்கொள்கிறார்கள்.

அசலா போலியா என்று பார்க்க டாங்கிளைப் பிரிக்க வேண்டியதில்லை. ‘எச்சிஐ-கான்ஃபிக்’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்து ஓட்டினால் சாதனமே தன் ஜாதகத்தைக் கொட்டிவிடும். அதில் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். ஒன்று தயாரிப்பாளர் எண்: சிஎஸ்ஆர் என்றால் 10. மற்ற இரண்டும் ‘ரிவிஷன்’, ‘சப்வெர்ஷன்’ என்று இரண்டு வரிகளில் வரும் எண்கள். அசல் சிஎஸ்ஆரில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும். உதாரணத்துக்கு சிஎஸ்ஆர் 8510 என்ற அசல் சில்லில் இரண்டு இடத்திலும் 22பிபி என்று பதினாறடிமான எண் வரும். அதைச் சாதாரண எண்ணாக மாற்றினால் 8891. அதே டாங்கிளை ‘எல்எஸ்-யூஎஸ்பி -வி’ போட்டுப் பார்த்தால் சாதனப் பதிப்பு 88.91 என்று இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே எண். உண்மை பேசுகிறவன் கணக்கு எங்கே கேட்டாலும் ஒத்துப்போகும்.

நம்ம டாங்கிளில் தயாரிப்பாளர் எண் 10 என்றே இருந்தது. ரிவிஷன் 0810. சப்வெர்ஷன் 1012. சாதனப் பதிப்பு 1.34. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. போதாததற்குப் புளூடூத் பதிப்பு என்ற இடத்தில் 4.0, அடைப்புக்குள் 6. புளூடூத் கணக்கில் 6 என்றால் 4.0, 5.0-வாக இருந்தால் 9 வந்திருக்க வேண்டும். அட்டையில் போட்ட 5.0-வும் பொய் என்று தெரிந்தது. பிரிண்டருக்குப் பழைய கிளாசிக் புளூடூத்தே போதும் என்பதால் இதில் நஷ்டமில்லை.

சரி, போலிதான். ஆனால் போலி என்றால் ஓடாது என்று அர்த்தமில்லை. கெர்னலுக்கும் இவற்றைத் தெரியும். இஸ்மாயெல் ஃபெரேராஸ் என்ற நிரலாளர் 2020-இல் இந்தப் போலிகளைப் பதிப்பு எண்களை வைத்து அடையாளம் காணும் நிரலை ‘பிடி-யூஎஸ்பி’ டிரைவரில் சேர்த்தார். போலிகள் தெரியும் என்று சொல்லிவிட்டு அப்புறம் முழிக்கிற கட்டளைகளை டிரைவர் அனுப்பாமல் விட்டுவிடும். போலியைக் கண்டால் திட்டிவிட்டுத் தூக்கிப் போடாமல், அதற்கென்று நிரல் எழுதுகிற இந்தப் பொறுமை எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். நூற்றைம்பது ரூபாய்ப் பொருளுக்கு வசதி குறைந்த ஊர்களில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதியது போல இருக்கிறது.

அடுத்து, கெர்னல் எழுதிவைக்கும் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’. எதிர்பார்த்த வரி இருந்தது: பெயரில்லாத சிஎஸ்ஆர் நகல் கண்டுபிடிக்கப்பட்டது, மாற்றுவழிகளைச் சேர்த்து ஒரு தடவை வலுக்கட்டாயமாகத் தூங்கவைக்கிறேன் என்று. அதற்குக் கீழேயே எச்சரிக்கையாக இன்னொரு வரி: தரவு பெறும் கோளாறுக்கான மாற்றுவழிக்காகச் சாதனத்தைத் தூங்கவைக்க முடியவில்லை. இந்த இரண்டாவது வரிதான் விஷயம். எதற்காகத் தூங்கவைக்க வேண்டும், அதாவது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிலைக்கு அனுப்ப வேண்டும்?

டிரைவரின் மூல நிரலைத் திறந்தால் அங்கே ஒரு நீளமான குறிப்பு இருக்கிறது. பதிப்பு 1.34 உள்ள இந்தச் சில்லு வகையைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். ஹான்ஸ் டி கூடே என்ற கெர்னல் நிரலாளர் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு போலி டாங்கிளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்டுபிடித்தது அது. இந்தச் சில்லு ஒரு முறையாவது தூங்கி எழுந்தால் ஒழிய, தன் ‘பல்க்’ வழியில் வரும் தரவை மேலே அனுப்பவே அனுப்பாது. எழுதியவருக்கே நம்பிக்கை இல்லாத தொனி அந்தக் குறிப்பில் தெரியும்.

இது அண்ணன் சொன்ன அறிகுறியோடு அச்சாகப் பொருந்துகிறது. யூஎஸ்பி புளூடூத்தில் டாங்கிளிலிருந்து கணினிக்கு வர முக்கியமாக இரண்டு வழி. ‘இதோ ஒரு சாதனம் தெரிகிறது’, ‘ரகசிய எண் கேட்கிறது’, ‘ஜோடி சேர்ந்தாச்சு’ போன்ற நிகழ்வுகள் ‘இன்டரப்ட்’ என்ற வழியில் வரும். எதிர்ச் சாதனம் அனுப்பும் உண்மையான தரவு ‘பல்க்’ வழியில் வரும். பழைய பாணியில் 0000 போட்டு ஜோடி சேர்ப்பதற்கு முதல் வழி மட்டுமே போதும். அதனால் தேடினால் கிடைக்கும், எண் கேட்கும், சேர்ந்துவிட்டதாகச் சொல்லும். அதற்கப்புறம் பிரிண்டர் என்ன பதில் சொன்னாலும் இங்கே வந்து சேராது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்றுவிட்டுப் பந்திக்குப் போகும் கதவைப் பூட்டி வைத்த மாதிரி.

கண்ணால் பார்க்க வேண்டுமென்று புளூடூத் போக்குவரத்தைக் காட்டும் ‘பிடிமான்’ கட்டளையை ஒரு சன்னலில் ஓடவிட்டு, மறு சன்னலில் புளூடூத் இணைப்பைத் திறக்கும் ‘ஆர்எஃப்காம்’ மூலம் பிரிண்டரின் முதல் சேனலுக்கு இணைப்புக் கேட்டேன். பிடிமானில் இடப்பக்க ஓரத்தில் அம்புக்குறி வரும். வெளியே போவதற்கு <, உள்ளே வருவதற்கு >. நிகழ்வுகளுக்கு > வரிசையாக வந்தது. தரவுப் பொட்டலம் என்று < வெளியே போனது, மறுபடி < போனது, பதிலுக்கு ஒரு > கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ‘இணைப்பு நேரம் கடந்தது’ என்று முடிந்தது. பணிப்பட்டையில் இருக்கும் புளூடூத் ஐகான் இதையெல்லாம் ‘இணைப்பு தோல்வி’ என்ற இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறது. புளூடூத் தகராறில் முதல் வேலையாக பிடிமானைத் திறப்பவர்களுக்குப் பாதி நாள் மிச்சம்.

ஆக, மருந்து கெர்னலிலேயே இருக்கிறது. அதை யாரோ கொடுக்கவிடாமல் தடுக்கிறார்கள். யார்?

யூஎஸ்பி சாதனம் தூங்குவதைத் தீர்மானிப்பது ‘யூஎஸ்பி-கோர்’ பகுதியில் உள்ள ‘ஆட்டோசஸ்பெண்ட்’ என்ற அளவு. வழக்கமாக 2 இருக்கும், அதாவது இரண்டு வினாடி சும்மா இருந்தால் தூங்கலாம். ‘/சிஸ்/மாட்யூல்/யூஎஸ்பிகோர்/பாராமீட்டர்ஸ்/ஆட்டோசஸ்பெண்ட்’ கோப்பைப் படித்துப் பார்த்தேன். -1. கழித்தல் எண் இருந்தால் எந்த யூஎஸ்பி சாதனமும் தூங்கவே கூடாது என்று பொருள். டிரைவரே கேட்டாலும் கெர்னலின் மின்மேலாண்மைப் பகுதி மறுத்துவிடும். கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பான ‘/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்’-இல் கெர்னலுக்கான வரியில் அந்த -1 கைப்பட எழுதப்பட்டிருந்தது.

ஓசூர்ப் பையனுக்கு போன் போட்டேன். “அண்ணா, மவுஸ் அடிக்கடி நின்னு நின்னு போச்சு. க்ளிக் பண்ணாத்தான் உயிர் வரும். அதான் அதைப் போட்டேன்” என்றான். மவுஸ் ஏன் தூங்கியது என்று தேடினால், பேட்டரி மிச்சம் பிடிக்கட்டும் என்று ‘பவர்டாப்’ கருவியை ‘ஆட்டோ-டியூன்’ முறையில் கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடுகிற மாதிரி ஒரு சேவை வைத்திருக்கிறான். அது கண்ணில் பட்ட யூஎஸ்பி சாதனத்தை எல்லாம் தூங்கலாம் என்று மாற்றிவிடும், மவுஸ் உட்பட. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அந்தப் பவர்டாப்தான். மவுஸ் தூங்கியது, மவுஸுக்காக எல்லாருடைய தூக்கத்தையும் தடை செய்தார்கள், ஒரே ஒரு தடவை தூங்கியே ஆக வேண்டிய டாங்கிள் மாட்டிக்கொண்டது. இதில் மண்டி மடிக்கணினியின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. எந்நேரமும் கரண்டில்தான் ஓடுகிறது. மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

கிரப் கோப்பில் கை வைக்கும் முன் சோதித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ரூட் என்ற நிர்வாகி அனுமதியோடு அந்த ஆட்டோசஸ்பெண்ட் கோப்பில் 2 என்று எழுதிவிட்டு, டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகினால் போதும். புதிதாகச் செருகும் சாதனங்களுக்குப் புது அளவு பொருந்தும், கணினியை நிறுத்தி எழுப்ப வேண்டாம். செருகினேன். டிமெசேஜில் நகல் கண்டுபிடித்த வரி வந்தது. அதன் கீழே எச்சரிக்கை வரவில்லை. ஆர்எஃப்காம் ஓட்டினேன். பிடிமானில் தரவுப் பொட்டலத்தோடு முதல் > வந்தது. பிரிண்டரின் நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. ஒரு வரி எழுத்து அனுப்பினேன், பேப்பர் நகர்ந்து ஆங்கிலத்தில் அடித்தது.

பிறகு கிரப் வரியிலிருந்து -1-ஐ நீக்கி ‘அப்டேட்-கிரப்’ ஓட்டினேன். பவர்டாப் சேவையை நிறுத்தினேன். மவுஸுக்கென்று தனி விதி எதுவும் எழுதவில்லை. யாரும் சீண்டாவிட்டால் லினக்ஸ் மவுஸைத் தூங்கவைப்பதில்லை. டாங்கிள் அப்புறம் தானாகத் தூங்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். இந்தச் சில்லுக்குத் தரவு வந்தால் எழுந்திருக்கவும் தெரியாது என்பதால், ஒரு தடவை தூங்கவைத்து எழுப்பியதும் பயன்பாட்டில் இருக்கும்வரை அது தூங்காதபடி டிரைவரே பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது தமிழ். இது புளூடூத் சம்பந்தப்பட்டதில்லை என்றாலும் இந்த மாதிரிப் பிரிண்டர் வாங்குகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும். சீட்டைப் படமாக வரைந்து புள்ளிகளாக அனுப்ப வேண்டும். இந்த அளவுப் பிரிண்டரில் அகலம் 384 புள்ளி, ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 48 மில்லிமீட்டர். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்பதால் ஒரு கிடைவரிக்கு 48 பைட். பைத்தானில் ‘பில்லோ’ நூலகத்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வரைந்தேன். பில்லோவோடு ‘ராக்ம்’ என்ற நூலகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ‘மொத்தம்’ என்பதில் ‘ம’ முதலில் நிற்கும், கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒன்றாக வந்து ஒட்டும். தொகைக்கு நேராக அப்படி ஒரு வார்த்தை இருந்தால் எந்த விவசாயி அந்தச் சீட்டை நம்புவார்?

படத்தை ஒரே மூச்சில் அனுப்பாமல், சில கிடைவரிகளாக வெட்டி நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்புகிறேன். மொத்தமாகத் தள்ளினால் பிரிண்டரின் சின்ன நினைவகம் நிரம்பிப் பாதிக்குமேல் குப்பை எழுத்தாக அடிக்கிறது. இணைப்புக்கு ஆர்எஃப்காம் கட்டளையையும் விட்டுவிட்டேன். பைத்தானின் சாக்கெட்டே புளூடூத் பேசும். ஒவ்வொரு சீட்டுக்கும் திறந்து, அனுப்பி, மூடிவிடும்படி வைத்தேன். திறந்தே வைத்தால் பிரிண்டர் சும்மா இருக்கும்போது தானாக அணைந்து, இந்தப் பக்கம் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விவசாயி பெயர், ஊர், பெட்டி எண்ணிக்கை, விலை, கமிஷன், இறக்குக் கூலி, மொத்தம். அண்ணன் முதல் சீட்டைக் கையில் வாங்கி, “எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமா தம்பி, கண்ணாடி இல்லாம வர்றவங்கதான் ஜாஸ்தி” என்றார். பெரிசாக்கினேன். விலை வரி இரண்டாக உடைந்தது, அதையும் சரிசெய்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது, அடிக்கவில்லை என்று. கணக்கு எழுதும் பையனின் மொபைலில் பழைய ஆப் திறந்தே இருந்திருக்கிறது. இந்தப் பிரிண்டர்கள் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். ஆப்பை அழிக்கச் சொன்னேன்.

டாங்கிள் தொலைந்தால் மண்டி நின்றுவிடக் கூடாது என்று அண்ணன் அதே கடையில் இன்னொன்று வாங்கி வந்தார். செருகிப் பார்த்தால் புளூடூத் முகவரி முதல் டாங்கிளுடையதே, கடைசி இலக்கம் வரை. இந்தப் போலிகளில் இது சகஜம். 71:13 என்று முடியும் ஒரே முகவரி ஏராளமான டாங்கிள்களில் இருக்கிறது. முறையாகப் பார்த்தால் உலகத்தில் ஒரு சாதனத்துக்கு ஒரு முகவரிதான் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செருகினால் குழப்பம்தான். ஆனால் லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸ், ஜோடி சேர்ந்த சாவியை ‘/வார்/லிப்/புளூடூத்’ கோப்புறையில் டாங்கிளின் முகவரிப் பெயரில்தான் வைக்கிறது. பிரிண்டரும் முகவரியை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறது. அதனால் முதல் டாங்கிளைக் கழற்றி இரண்டாவதைச் செருகியதும், ஜோடி சேர்க்காமலே, எதையும் கேட்காமலே சீட்டு அடித்தது.